லால்பாக்கில் குழந்தைகளோடு ஒரு காலை: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

நீங்கள் கேட்டது இது: மே விடுமுறையில் சென்னையிலிருந்து பெங்களூர் வருகிறீர்கள், கூடவே நான்கு வயதுப் பையனும் ஒன்பது வயதுப் பெண்ணும். லால்பாக்குக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்கியிருக்கிறீர்கள். அதற்குள் முழுத் தோட்டத்தையும் சுற்றிவிட முடியுமா, எதையெல்லாம் கட்டாயம் பார்க்க வேண்டும்?

முடியாது. முயற்சியும் செய்யாதீர்கள். லால்பாக் 240 ஏக்கர். பெரியவர்களே வேகமாக நடந்தாலும் எல்லா மூலைக்கும் போய்வர அரை நாள் பிடிக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு உருப்படியான நடைத்தெம்பு ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் அவன் உங்கள் இடுப்பில்தான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஆகஸ்ட் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டிப் போனேன். கையில் வரைபடம், மனசுக்குள் ஒரு பட்டியல். அவளோ மூங்கில் புதர் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செத்த வண்டு ஒன்றை எறும்புகள் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வா, வா, இன்னும் கண்ணாடி மாளிகை பார்க்கவே இல்லை" என்று இழுத்தேன். கண்ணாடி மாளிகைக்குள் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். அவள் உயரத்துக்குப் பூ தெரியவில்லை, அடுத்தவர் முழங்கால்தான் தெரிந்தது. அங்கே ஒரு செருப்பு போயிற்று. ஒற்றைச் செருப்போடு அழும் குழந்தையை வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தேன். இப்போது அவள் கல்லூரி போகிறாள். லால்பாக் என்றால் இன்றைக்கும் அந்த வண்டைத்தான் சொல்கிறாள்.

அதனால் என் யோசனை இது. மூன்றே இடம்: பாறை, ஏரி, இலவ மரம். நடுவில் கண்ணில் படுவதெல்லாம் கொசுறு.

முதலில் பாறை. காலை ஆறு மணிக்கே வாசல் திறந்துவிடுவார்கள். ஆறரைக்குள் உள்ளே இருக்கப் பாருங்கள். மே மாதத்தில்கூட பெங்களூர் காலை இதமாக இருக்கும், ஆனால் பத்து மணி தாண்டினால் அந்தப் பாறை தோசைக்கல். ஆட்டோவில் வந்தால் டபுள் ரோடு பக்க வாசலில் இறங்குங்கள், பாறைக்கு அதுதான் வசதி. மெட்ரோவில் வருவதாக இருந்தால் மெஜஸ்டிக்கிலிருந்து பச்சை வழித்தடத்தில் நான்காவது நிறுத்தம் லால்பாக். அது மேற்கு வாசலை ஒட்டியது, பாறை எதிர்ப்பக்கம். முதலிலேயே தோட்டத்தின் குறுக்கே நடந்தால் சின்னவனின் தெம்பில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். போகும்போது ஆட்டோ, திரும்பும்போது மெட்ரோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாறையைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடுவார்கள். விடுங்கள். மெல்லச் சரிந்து ஏறும் மொட்டைப் பாறை அது, பெரிய செங்குத்து எதுவும் இல்லை. மழை பெய்திருந்தால் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஈரத்தில் வழுக்கும். ஓடி ஓய்ந்தபின் பெரியவளை மட்டும் கூப்பிட்டு, குனிந்து பாறையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிர் நிறத்தில் ஒரு பட்டை, கறுப்பாக ஒரு பட்டை, மறுபடி வெளிர் என்று வரி வரியாக ஓடும். வெளிர் பட்டை குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், கறுப்பு பயோடைட் என்ற அபிரக வகை. பூமிக்கு அடியில் ஆழத்தில் வெந்து, நசுங்கி, மடிந்து இப்படி வரி விழுந்தது. தீபகற்ப நைஸ் என்று இதற்குப் பெயர். மைசூர் சமஸ்தானத்தின் புவியியல் துறையில் இருந்த ஸ்மீத் என்பவர் 1916இல் வைத்த பெயர் அது. கர்நாடகத்தின் பெரும்பகுதிக்கு அடித்தளமே இந்தப் பாறைதான். வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது, பலகையும் இருக்கிறது.

300 கோடி என்று சொன்னால் ஒன்பது வயதுக்கு ஒன்றும் விளங்காது. நமக்கு மட்டும் விளங்கிவிடுகிறதா என்ன? அதற்கு நான் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். பாறையை விட்டு இறங்கியதும் சமதளமான பாதையில் நில்லுங்கள். ஓர் எட்டு வைத்தால் ஒரு கோடி ஆண்டு பின்னால் போகிறோம் என்று கணக்கு. பெண்ணை எண்ணிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். ஏழாவது எட்டுக்குக் கால் தூக்கும்போதே டைனோசர்கள் அழிந்த காலம் வந்துவிடும், அது 6.6 கோடி ஆண்டு முன்பு. "அவ்வளவுதானா?" என்று கேட்பாள். அவ்வளவுதான். இந்தப் பாறைக்குப் போய்ச்சேர இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் எட்டு பாக்கி. பாதிப் பிள்ளைகள் நூறோடு நிறுத்திவிடுவார்கள், என் தங்கை மகன் முந்நூறும் நடந்தான். பூமி பிறந்த இடத்துக்குப் போக வேண்டுமானால் அதற்கு மேலும் நூற்றைம்பது எட்டு நடக்க வேண்டும்.

பிறகு இதைச் சொல்லுங்கள்: தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடித்து ஆயிரம் ஆண்டு ஆகிறது. இந்தக் கணக்கில் அது எவ்வளவு தூரம்? குழந்தையின் எட்டு அரை மீட்டர் என்றால், ஆயிரம் ஆண்டு என்பது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அவள் தலையிலிருந்து ஒரு முடியை எடுத்துக் காட்டுங்கள். கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான்.

பாறை உச்சியில் ஒரு சின்னக் கோபுரம் இருக்கும். கெம்பெகௌடா கோபுரம் என்பார்கள். 1537இல் பெங்களூரை நிறுவியவர் கெம்பெகௌடா. அவர் வம்சத்தார் ஊருக்கு எல்லை குறிக்க நான்கு பக்கமும் எழுப்பியவற்றில் இது ஒன்று. மற்றவை அல்சூரிலும், மேக்ரி சர்க்கிள் பக்கமும், கெம்பாம்புதி ஏரிக்கரையிலும் இருக்கின்றன. கோபுரத்தின் அருகில் நின்று நாலாபக்கமும் பார்க்கச் சொல்லி, "ஊர் எங்கே முடிகிறது, காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய வரை கட்டடம்தான். தலைக்கு மேலே பருந்துகள் வட்டமடித்துக்கொண்டிருக்கும், கையில் பிஸ்கட் வைத்திருக்கும் சின்னவன் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

கல்லைப் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்குள் கல்லாகிப்போன ஓர் அடிமரத்தை வைத்திருக்கிறார்கள். தோட்டக்காரர்களிடம் கேட்டால் வழி காட்டுவார்கள், பாதிப் பேருக்குத் தமிழ் புரியும். அது நம் ஊர்க் கல்மரம், விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலிருந்து கொண்டுவந்தது. வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் பக்கத்திலேயே தேசியக் கல்மரப் பூங்கா இருப்பதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று தெரியவில்லை. வயது சுமார் இரண்டு கோடி ஆண்டு, நம் கணக்கில் இரண்டே எட்டு. மண்ணில் புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீர் ஊறி, அதில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நார் இருந்த இடத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டது. மரம் போய்விட்டது, அதன் வடிவம் அச்சாக நின்றுவிட்டது. சின்னவனுக்கு இவ்வளவும் தேவையில்லை. "மரம் கல்லாயிடுச்சு" என்றால் அவனே மீதிக் கதையைச் சொல்லிக்கொள்வான்.

அங்கிருந்து ஏரிக்கு. இங்கே வேலை உங்களுக்கு இல்லை, உட்கார நிழலாக ஓரிடம் பிடித்தால் போதும். ஏரியில் நீர்க்காகங்கள் நிச்சயம் இருக்கும். முங்கி எழுந்து, கிளையிலோ கல்லிலோ நின்று, இரண்டு இறக்கையையும் விரித்து அப்படியே அசையாமல் நிற்கும், கொடியில் சட்டை காயப்போட்ட மாதிரி. மற்ற நீர்ப்பறவைகள் போல அதன் இறகில் தண்ணீர் ஒட்டாமல் வழிந்தோடாது, நனைந்துவிடும். அதனால்தான் காயவைக்கிறது. நனைந்தால் உடம்பு கனத்து ஆழமாக முங்க வரும், மீன் பிடிக்க அது வசதி.

கரையோரமாக இன்னொன்றைத் தேடச் சொல்லுங்கள். மடையான் என்போம், சில ஊர்களில் குருட்டுக்கொக்கு. சேற்றோடு சேறாக, மண் நிறத்தில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும். முதல் பத்து நிமிடம் கண்ணுக்கே படாது. பெரியவளிடம், "இங்கே ஒரு பறவை ஒளிந்திருக்கிறது, கண்டுபிடித்தால் ஐஸ்க்ரீம்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். யாராவது நெருங்கிப்போனால் அது விருட்டென்று எழும்பும், எழும்பியதும் முழு வெள்ளை. இறக்கையை மடக்கும்போது மண்ணாக இருப்பது, விரித்தால் வெள்ளை. இதைப் பார்த்த பிள்ளை வாயைத் திறந்துகொண்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும். நான் எத்தனையோ பிள்ளைகளோடு போயிருக்கிறேன், இந்த ஒரு வித்தை தவறியதே இல்லை.

ஏரிக்கரை பக்கமாகவே அந்தப் பெரிய இலவ மரம். ஏறத்தாழ இருநூறு வயது என்பார்கள். நம் வீட்டுத் தலையணைக்குப் பஞ்சு தரும் அதே இனம். ஆனால் இதன் அடிமரத்தைப் பார்க்க வேண்டும். சுவர் சுவராக வேர்கள் தரைக்கு மேலே எழும்பி நிற்கும், இரண்டு வேருக்கு நடுவே ஒரு குழந்தை ஒளிந்துகொள்ளலாம். இவ்வளவு உயரமான மரத்தைக் காற்றில் சாயாமல் தாங்கிப் பிடிப்பது இந்த முட்டுகள்தான். வேலி போட்டிருப்பார்கள், அதைத் தாண்ட விடாதீர்கள், மரத்தைச் சுற்றி வந்தாலே போதும். எத்தனை எட்டில் ஒரு சுற்று முடிகிறது என்று எண்ணட்டும்.

கோடையில் காய் வெடித்திருந்தால் அடியில் பஞ்சு கிடக்கும். ஒரு கொத்தை எடுத்துப் பிய்த்துப் பார்த்தால் நடுவில் மிளகு போலக் கறுப்பு விதை. அப்போதே இலவு காத்த கிளி கதையைச் சொல்லிவிடுங்கள். காய் பழுக்கும், தின்னலாம் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் பஞ்சுதானே மிஞ்சியது. லால்பாக்கில் பச்சைக்கிளிகளுக்குப் பஞ்சமில்லை, கதையின் நடுவிலேயே இரண்டு கத்திக்கொண்டு பறக்கும். பாடப் புத்தகத்தில் பழமொழியாக மட்டும் படித்த என் மகளுக்கு, இலவு என்பது ஒரு மரத்தின் பெயர் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வழியில் கிடைக்கும் கொசுறுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். நாகலிங்க மரம்: பூ கிளை நுனியில் பூக்காது, அடிமரத்திலிருந்தே கொத்தாகத் தொங்கும். நம் சிவன் கோயில்களில் நிற்பதால் நம்மூர் மரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. காய் பீரங்கிக் குண்டு மாதிரி இருக்கும், அடியில் நிற்க விடாதீர்கள். விழுந்து உடைந்த காய் கிடந்தால் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், "உவ்வே" என்று சிரிப்பார்கள். இன்னொன்று தூங்குமூஞ்சி மரம். பெயரைச் சொன்னாலே சின்னவனுக்குச் சிரிப்பு வரும். சாயங்காலமானால் இலை மடக்கும் என்பதால் அந்தப் பெயர். காலையில் போகிறவர்களுக்கு அது முழித்துக்கொண்டுதான் இருக்கும்.

சரி, கண்ணாடி மாளிகை? கண்காட்சி இல்லாத நாளில் உள்ளே பெரும்பாலும் காலி இடம்தான், பத்து நிமிடம் போதும். 1889இல் இங்கிலாந்து இளவரசர் ஆல்பர்ட் விக்டர் வந்தபோது அடிக்கல் நாட்டியது. லண்டனில் 1851 கண்காட்சிக்குக் கட்டிய கிறிஸ்டல் பேலஸின் சாயலில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்த இரும்பைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். மூலமான லண்டன் மாளிகை 1936இல் தீக்கிரையாகிவிட்டது, சாயல் மட்டும் இங்கே நிற்கிறது. உங்கள் பெண்ணுக்கு இதில் ஆர்வம் இருக்கலாம். சின்னவனுக்கு அதைவிடப் பூக்கடிகாரம் பிடிக்கும். ஏழு மீட்டர் அகலம், எச்எம்டி செய்து கொடுத்தது, சுற்றிலும் ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும் பொம்மைகளாக நிற்பார்கள். தாத்தா பாட்டி கூட வந்தால் எச்எம்டி என்ற பெயரைப் பார்த்ததும் அவர்கள் கைக்கடிகாரக் கதையைத் தொடங்குவார்கள், அதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் கேள்விகளைச் சமாளிக்கலாம். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், அப்போது 40 ஏக்கர். திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து செடிகளை வரவழைத்து வளர்த்தார். 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமானது. பிறகு வந்த கண்காணிப்பாளர்களில் ஜான் கேமரூன் என்பவர் நம் சமையலறையோடு நேரடி சம்பந்தம் உள்ளவர். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1874இல் வந்தவர். மெக்சிகோ பக்கத்துக் காயான சௌசௌவை இங்கே அறிமுகப்படுத்தியவர் அவர்தான். நம் அம்மாக்கள் அதைப் பெங்களூர் கத்திரிக்காய் என்று சொல்வது சும்மா இல்லை. உங்கள் பிள்ளைகள் கூட்டில் சௌசௌவைப் பொறுக்கி ஓரமாக வைக்கிறவர்கள் என்றால், குற்றவாளியின் முகவரி இதுதான் என்று காட்டிவிடலாம்.

சாப்பாட்டு விஷயம். உள்ளே ஹாப்காம்ஸ் கடையில் பழமும் சாறும் கிடைக்கும். தண்ணீரைக் கையிலேயே கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், வாசலிலேயே தடுப்பார்கள். மே, ஜூனில் மாம்பழ மேளா நடக்கும், உங்கள் தேதியோடு ஒத்துவந்தால் அதிர்ஷ்டம். காலை டிபனுக்கு எல்லோரும் எம்டிஆர் என்பார்கள். 1924இலிருந்து இருக்கும் கடை, தோட்டத்துக்குப் பக்கம்தான். ரவா இட்லி தங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்கிறவர்கள், இட்லி நன்றாகவே இருக்கும். ஆனால் சனி ஞாயிறில் அங்கே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பசியோடு இருக்கும் நான்கு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் அந்த வரிசையில் நிற்க மாட்டேன். பெரியவர்கள் ஆசைப்பட்டால் வார நாளில் போங்கள்.

வார நாள் என்பது தோட்டத்துக்கும் பொருந்தும். ஞாயிறு காலையில் பாறை மேல் குழந்தைகளைவிட செல்ஃபி எடுப்பவர்கள்தான் அதிகம். ஜனவரி 26, ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய மலர்க் கண்காட்சி நாட்களில் சின்னப் பிள்ளைகளோடு வரவே வேண்டாம் என்பது ஒற்றைச் செருப்புக்காரனின் கருத்து. நீங்கள் மேயில் வருவதால் அந்தக் கவலை இல்லை. மாலையை நம்பாதீர்கள், மேயில் நான்கு மணிக்கு மேல் மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டும், மரத்தடியில் ஒதுங்குவதும் நல்லதில்லை. பெரிய மரங்களின் உயரக் கிளைகளில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கும், கல் எறியும் வயதில் யாராவது கூட வந்தால் முன்கூட்டியே கண்டித்து வையுங்கள். கழிப்பறை கண்ணில் பட்டால் வந்தாலும் வராவிட்டாலும் ஒருமுறை கூட்டிப்போய்விடுங்கள், அடுத்தது எங்கே என்று தேடி ஓடுவது பெரும் பாடு. நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் பேட்டரி வண்டி இருக்கிறது. பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள், ஒருமுறை ஏறினால் அப்புறம் நடக்க மாட்டார்கள்.

ஒன்பதரை, பத்துக்கு மேற்கு வாசல் வழியாக வெளியே வந்தால் மெட்ரோ. கிளம்பும்போது சின்னவனுக்கு மாற்று டிராயர் ஒன்று பையில் இருக்கட்டும். நான் பாறையில் ஓட விடுங்கள் என்றுதான் சொன்னேன், ஆனால் அவன் உட்கார்ந்து சறுக்குவான். 300 கோடி ஆண்டுப் பாறை, நான்கு சறுக்கில் துணியைத் தேய்த்துவிடும்.